துணைக்கு ஒரு கொட்டேஷன்

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். புது வீட்டு வாசலில் கார் ஏறுகிற இடத்துக்குக் கல் பதிக்க வேண்டும், பூச்சோங்கில் உன் வரிசையில் எல்லா வீட்டிலும் பதித்துவிட்டார்கள், உன் வீடு மட்டும் வெறும் சிமெண்டுத் தரையாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். பதித்துக்கொள். உன் வீடு, உன் வாசல். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய் பார், அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். "மூணாவதுக்கு மாமாகிட்ட ஒண்ணு கேட்டு வாங்குங்கப்பா. சும்மா கம்பேர் பண்ணத்தான்." அதற்குப் பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

இரண்டு நாளாகிறது. பதில் வரவில்லையே என்று நீ நேற்றுக் கேள்விக்குறி ஒன்று அனுப்பினாய். வாட்ஸ்அப்பில் இதற்குப் பதில் போட எனக்கு விரல் வரவில்லை, அதனால் தாளை எடுத்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உன் மனைவியும் படிக்கட்டும். நம் சொந்தத்தில் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. இனிமேல் மூடி மறைத்து என்ன செய்யப் போகிறேன்?

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் ஆள் சதுர அடிக்கு இவ்வளவு, கல்லும் கூலியும் சேர்த்து என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். எத்தனை அங்குலம் தோண்டுவான், அடியில் என்ன கொட்டுவான், அதை மெஷின் வைத்து எத்தனை தடவை அடிப்பான், ஒன்றும் கிடையாது. இரண்டாவது ஆள் படம் போட்டு அனுப்பியிருக்கிறான். உன் காரைக்கூட உன் கார் நிறத்திலேயே வரைந்திருக்கிறான். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி லோங்காங் சாக்கடையில் விழும் என்பதை மட்டும் வரையவில்லை. இருவரிடமும் கேள். தோண்டிய மண்ணை யார் அள்ளிக்கொண்டு போவது, ஓரத்துக் கல் நகராமல் இருக்க விளிம்பு கட்டுவானா, ஒரு வருடத்தில் அமுங்கினால் வந்து திரும்பப் பதிப்பானா, எல்லாவற்றையும் எழுத்தில் கேள். மேலே தெரிகிற கல்லின் நிறத்தைப் பார்த்து மயங்காதே. இதெல்லாம் என் சொந்த அறிவு என்று நினைத்துவிடாதே. பெரும்பகுதி, கொத்து வேலை எடுத்துச் செய்கிற உன் தாய்மாமா ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எனக்கு எழுதிக் கொடுத்தது.

அந்தத் தாளைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். அதற்கு முன் என் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா ஷா ஆலம் தொழிற்சாலையில் முப்பது வருடம் பர்ச்சேசிங்கில் இருந்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாய். அங்கே ஆணி வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். ஆனால் யாரிடம் வாங்குவது என்பது முதலிலேயே முடிவாகியிருக்கும். மேனேஜர் கண்ணைக் காட்டிவிடுவார். அதற்கப்புறம் வேறு இரண்டு பேருக்குப் போன் போட்டு, "பாஸ், அர்ஜண்டா ஒரு கொட்டேஷன் வேணும்" என்பேன். அந்த மனிதர்கள் வேலை கிடைக்கும் என்று நம்பி, லீவு நாளில் வந்து அளந்து, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்புவார்கள். நான் அதில் ஓட்டை போட்டு பைலில் கோர்த்துவிடுவேன். எங்கள் ஆபீசில் அதற்குப் பெயரே உண்டு, துணைக் கொட்டேஷன். பிறகு அவர்கள் போன் பண்ணிக் கேட்டால், "சொல்றேன் பாஸ்" என்பேன். நாலைந்து தடவை கேட்டுவிட்டு அவர்களே ஓய்ந்துவிடுவார்கள். ஒரு நாளும் எனக்கு அது உறுத்தியதில்லை.

உன் கல்யாணம் நிச்சயமானபோது நம் கிள்ளான் வீட்டு வாசல் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கேட்டிலிருந்து போர்ச் வரைக்கும் செம்மண்ணும் சரளையும், மழை பெய்தால் நடுவில் ஒரு குட்டை, ஓரமெல்லாம் லாலாங் புல். முப்பது வருடம் அதில்தான் நடந்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் மாமனார் வக்கீல், பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸ், பெரிய குடும்பம், அவர்கள் முதல் தடவையாக நம் வீட்டுக்கு வரப் போகிறார்கள் என்றதும்தான் அந்தக் குட்டை என் கண்ணில் பட்டது. உடனே கல் பதித்தாக வேண்டும் என்று குதித்தேன். உன் அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். "என் தம்பி இருக்கறப்ப வெளியாளு எதுக்குங்க?"

அன்று சாயங்காலமே உன் மாமா பண்டமாரானிலிருந்து தன் சின்ன லோரியில் வந்தார். பந்திங்கில் ஒரு வீட்டு வேலையை முடித்த கையோடு வந்தவர், கால்சட்டை முழுக்கச் சிமெண்டு. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார். மண்ணை உள்ளங்கையில் உருட்டிக் காட்டினார். "மச்சான், இந்த மண்ணு ரொம்ப சாஃப்ட் லா. ஒரு அடியாச்சும் தோண்டி எடுத்துட்டு, உடைகல்லைக் கொட்டி ரெண்டு தடவ மெஷின் போட்டு அடிக்கணும். இல்லாட்டி கார் ஏறி ஏறி ஒரே வருஷத்துல பள்ளம் விழுந்துடும்" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி மாப்ள, எப்ப ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது, "இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடு மாப்ள." அவர் சிரித்தார். "எனக்கே கொட்டேஷனா மச்சான்?" நான் உன் தலையில் போட்டேன். "மகன் கேக்கறான் லா. சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் கம்பேர் பண்ணுவான்." அக்கா மகன் கேட்கிறான் என்றதும் அந்த மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது. தமிழில் எழுதியிருந்தார், வரி வரியாக. தோண்ட வேண்டிய ஆழம், உடைகல் எத்தனை லோரி, மணல், கல், விளிம்பு, இரண்டு ஆட்களின் கூலி, மண் அள்ளுகிற செலவு. தன் கூலி என்று எழுதி அதற்கு நேரே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். நான் அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ எக்செலில் கட்டம் போட்டு, பெட்டாலிங் ஜெயா கம்பெனிக்கு ஒரு வரிசை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஆளுக்கு ஒரு வரிசை, மாமாவுக்கு ஒரு வரிசை வைத்தாய். கூட்டிப் பார்த்தால் மாமாவுடையதுதான் ஆகக் குறைவு. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு நீ என்ன எழுதினாய் தெரியுமா? "இன்கம்ப்ளீட்." வாரண்டி என்ற கட்டத்தில் "இல்லை" என்று போட்டாய். தாய்மாமன் செய்கிற வேலைக்கு வாரண்டி இல்லை! நானும் அதைப் பார்த்து, பரவாயில்லையே, என் பிள்ளை விவரமாக இருக்கிறானே என்று மெச்சிக்கொண்டேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். இத்தனை நாளாக உன் அம்மாவிடம் அந்த எக்செலைத்தான் சாக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். கம்பெனி என்றால் பில் வரும், ரசீது வரும், அதனால்தான் என்றேன். எல்லாம் பொய். அவர் மண்ணைத் தோண்டிய அன்றைக்கே நான் பெட்டாலிங் ஜெயா கம்பெனியை முடிவு செய்துவிட்டேன். நீ அன்று ராத்திரி போனில் சொன்னதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "அப்பா, மாமா வேண்டாம்பா. அவங்க வர்ற நேரத்துல மாமா வாசல்ல முட்டி போட்டுக் கல்லு அடிச்சிக்கிட்டு இருந்தா ஒரு மாதிரி இருக்கும் லா." நான் உன்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். பதிலுக்கு நான் சொன்னது, "அதான் நானும் நினைச்சேன்." அதுதான் விஷயம். விலையும் இல்லை, வாரண்டியும் இல்லை. சிமெண்டு படிந்த கால்சட்டையோடு ஒரு மனிதரை வக்கீல் சம்பந்திக்கு முன்னால் மச்சினன் என்று காட்ட எனக்கு வெட்கம். உனக்கு மாமா என்று காட்ட வெட்கம். உன் வெட்கம் சின்ன வயது வெட்கம், போகட்டும். ரப்பர் பால்மரத் தோட்டத்தில் பிறந்த எனக்கு என்ன கேடு?

அதோடு விட்டேனா? அந்தத் தாளை பெட்டாலிங் ஜெயா கம்பெனி சூப்பர்வைசருக்கு அனுப்பி, பார், ஒருத்தர் இந்த விலைக்குச் செய்கிறேன் என்கிறார், நீயும் குறை என்று பேரம் பேசினேன். தன் கூலியை விட்டுக்கொடுத்து உன் மாமா போட்ட விலையைக் காட்டி, முன்பின் தெரியாத ஒருவனிடம் எனக்கு விலைக் கழிவு வாங்கினேன். அவனும் குறைத்தான். எதைக் குறைத்தான் என்று நான் கேட்கவில்லை. முப்பது வருடம் பர்ச்சேசிங்கில் இருந்தவனுக்கு அது கேட்கத் தெரியாதா? தெரியும். கேட்கப் பிடிக்கவில்லை.

உன் மாமாவுக்கு என்ன பதில் சொன்னேன்? "சொல்றேன் மாப்ள." அவ்வளவுதான். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டோம். பார்க்கலாம் என்போம், சொல்றேன் என்போம், கேட்கிறவனும் புரிந்துகொண்டு போய்விடுவான். வெளியாளுக்கு அது புரியும். உன் மாமாவுக்குப் புரியவில்லை. அக்கா புருஷன் சொல்றேன் என்றால் சொல்வார் என்றுதான் அந்த மனிதர் நினைத்தார். இரண்டு வாரத்துக்கு வேறு வேலை எடுக்காமல் வைத்திருந்தார். ஒரு வீட்டுக்காரரிடம் அக்கா வீட்டு வேலை இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வேலையும் அவர் கைவிட்டுப் போனது. இதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்து உன் அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அக்காவுக்கு ஒரு பை ரம்புத்தான் கொண்டு வந்தார். வாசலில் கம்பெனி ஆட்கள் மெஷின் வைத்துக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள், தெருவெல்லாம் தூசி. நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எங்கேயாவது ஓடிப்போகலாமா என்று இருந்தது. "ஓ, ஆரம்பிச்சாச்சா மச்சான்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு, பழக்கதோஷம், அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணலில் கையை விட்டுப் பார்த்தார். "அடியில கல்லு பத்தாது தம்பி. இன்னும் ஒரு லோரி கொட்டச் சொல்லு. வீட்டுக்காரங்க பாவம்" என்று வேலையாளிடம் சொன்னார். தன் வாயில் விழுந்த மண்ணைத் துடைக்காமல் என் வாசலுக்காகப் பேசினார். அந்த சூப்பர்வைசர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "யாரு பாஸ் இவரு?" என்று கேட்டான்.

நான் சொன்னேன், "தெரிஞ்ச ஆளு."

என் வாயால் சொன்னேன். என் மனைவி கூடப் பிறந்தவரை, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு என்னைவிட முன்னால் ஓடி வந்தவரை, உனக்கு மொட்டை போடப் பத்துமலையில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தெரிந்த ஆள் என்று சொன்னேன். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. "அக்காகிட்ட பழத்தக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினார். திரும்பினால் உன் அம்மா போர்ச்சில் நிற்கிறாள். தம்பிக்குக் காப்பி கலக்கிக்கொண்டு வந்திருந்தாள். சத்தம் போடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். காப்பியைச் செடியில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறு ஞாயிறு சம்பந்தி வீட்டார் வந்தார்கள். புதுக் கல்லைப் பார்த்து உன் மாமனார் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் பார்க்கவே இல்லை. பேசிக்கொண்டே நடந்து உள்ளே வந்தவர் காப்பி குடிக்கும்போது, "பையனுக்குத் தாய்மாமன் யாரு? வரலையா? என்ன செய்றாரு?" என்று ஆசையாகத்தான் கேட்டார். தன் அப்பாவும் கொத்து வேலை செய்துதான் தன்னைப் படிக்க வைத்தார் என்று அவரே பிறகு சொன்னார். அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கன்ஸ்ட்ரக்ஷன்ல இருக்காரு" என்றேன். என்ன வாயடா இது என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

உன் கல்யாணத்துக்கு உன் மாமா வராமல் இருந்துவிடுவார் என்று பயந்தேன். வந்தார். பதினொரு தட்டு சீர் வைத்தார், மோதிரம் போட்டார், உன் தலையில் உருமால் கட்டினார். ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லோரோடும் சிரித்துப் பேசினார். அப்புறம் சாப்பிடாமல் போய்விட்டார். ஆயிரம் பேர் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு, பந்தி முடிகிறவரை அவளும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நீ அப்போது மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாய்.

கல் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. கேட்டுக்கு உள்ளே கார் டயர் ஏறுகிற இரண்டு தடத்திலும் அமுங்கி, பழைய குட்டை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டேன். "சொல்றேன் அங்கிள்" என்றான். அடேயப்பா, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. போன வருடம் உன் அம்மா அதில் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டாளே, வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னோமே, அது அந்தப் பள்ளம்தான்.

அவளுக்குக் கட்டுப் போட்ட வாரம் நான் பண்டமாரானுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. வாங்க என்றார். நாற்காலி போட்டார், மைலோ கலக்கிக் கொடுக்கச் சொன்னார். அக்கா கை எப்படி இருக்கிறது, உனக்கு வேலை எப்படிப் போகிறது, எல்லாம் விசாரித்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவர் வாயில் மச்சான் என்ற வார்த்தை வரவில்லை. வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க, அவ்வளவுதான். என் தொண்டையில் வந்து நின்ற மன்னிப்பு மைலோவோடு உள்ளே போய்விட்டது. எழுந்து வந்துவிட்டேன். நான் ஒரு கோழை, அதை நீ இன்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

இப்போது நீ சும்மா கம்பேர் பண்ண ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்கிறாய். ராசா, உனக்கு அது ஒரு தாள். அந்த மனிதர் அறுபது வயதில் பூச்சோங் வரைக்கும் லோரி ஓட்டிக்கொண்டு வந்து, உன் வாசலில் குனிந்து அளந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத வேண்டும். அதை நீ ஒரு கட்டத்தில் போட்டுவிட்டு அழகாகப் படம் வரைந்தவனுக்கு வேலை கொடுப்பாய். என்னிடம் கற்றுக்கொண்டதுதானே? உன்னைக் குற்றம் சொல்லி என்ன? ஆனால் ஒன்று. மாமாதான் செய்ய வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், விலை கேட்காமல் நீயே அவருக்குப் போன் போட்டு வேலையைக் கொடு. உன் மாமனார் வருகிற நாளில் அவர் உன் வாசலில் முட்டி போட்டு வேலை செய்யட்டும், நீ பக்கத்தில் போய் நின்று, இவர் என் தாய்மாமன் என்று சொல். அது உன்னால் முடியாது என்றால் அவரை விட்டுவிடு. கொட்டேஷன் அனுப்பியவர்களில் நீ வேலை கொடுக்காத ஆளுக்கும் இன்றைக்கே போன் போட்டு, இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடு.

இதை எழுதி முடித்து உன் அம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். தெரிஞ்ச ஆளு என்று நான் சொன்ன இடம் வந்தபோது அவள் கை நின்றது, பிறகு மறுபடியும் ஆய ஆரம்பித்தாள். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசியது இதுதான் முதல் தடவை. படித்து முடித்ததும், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, "நீ ஏன் கவலப்படறே? இவன் கேட்டாலும் உன் தம்பி முடியாதுன்னு சொல்லிடுவான்" என்றேன்.

"முடியாதுன்னா சொல்லுவான்?" என்று அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா மவன் கூப்பிட்டான்னா காலைல ஏழு மணிக்கே போய் நிப்பான் அவன். அதாங்க எனக்குப் பயமே."